மதுக்கடை குறித்து நாம் மட்டும் ஏன் மௌனம் காக்கிறோம்?





சில வாரங்களுக்கு முன் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து மதரஸாவின் கதவைப் பூட்டும் நேரத்தில் ஒரு தாய் வாசலில் நின்றிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில். “ஹஜ்ரத், இதில் கொஞ்சம் ஓதி ஊதித் தாருங்கள்” என்றார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் மக்தபில் ஓதுகிறவர்கள். “சின்னவனுக்குக் காய்ச்சலா?” என்று கேட்டேன். “பிள்ளைக்கு இல்லை ஹஜ்ரத், அவங்க வாப்பாவுக்கு” என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கணவர் சுமை ஆட்டோ ஓட்டுகிறவர். மாலையில் அவர் எங்கே வண்டியை நிறுத்துகிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

ஓதிக் கொடுத்தேன். துஆவும் செய்தேன். ஆனால் வீட்டுக்கு நடந்து செல்லும் வழியில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தத் தாய் தன்னால் இயன்ற இடத்திற்கு வந்து தன் முறையீட்டைச் சொல்லிவிட்டார். நாள்தோறும் பகல் 12 மணிக்கு அந்தக் கடையைத் திறந்து, இரவு 10 மணிக்கு மூடி, அதன் வருவாயைக் கணக்கில் எழுதிக்கொள்கிறவர்களிடம் அந்தத் தாய்க்காக யார் பேசுவது? ஜும்ஆ மேடையில் மதுவின் தீமையை ஆண்டுக்கு இரண்டு முறையேனும் பேசுகிற நாம், ஆளும் கட்சியின் பிரதிநிதி நம் ஜமாஅத் அலுவலகத்திற்கு வரும்போது அதே சொல்லை ஏன் உச்சரிப்பதில்லை?

‘அது நம் சமுதாயத்தின் பிரச்சினை அல்ல’ என்பார் உண்டு. அது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். ஜமாஅத்தில் தலாக், குலா வழக்குகளை விசாரிக்க அமர்ந்த எந்த நிர்வாகியையும் தனியே அழைத்துக் கேட்டுப் பாருங்கள். மனைவியின் நகை எங்கே போனது, வாடகை ஏன் மூன்று மாதம் நின்றது, கை ஏன் நீண்டது என்று விசாரித்தால், பல வழக்குகளில் வேர் ஒரே இடத்தில் இருக்கும். பதிவேட்டில் ‘கருத்து வேறுபாடு’ என்று எழுதி மூடிவிடுகிறோம்.

இந்த அரசியல் எங்கிருந்து தொடங்கியது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1937 அக்டோபர் 1 அன்று அன்றைய சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அதனால் கருவூலத்திற்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யவே 1939இல் விற்பனை வரி என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். இச்செய்தியை நினைவில் வையுங்கள். பிறகு இதற்குத் திரும்புவோம். 1948இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தி.மு.க. அரசு அதனைத் தளர்த்தியது. முதுமையிலும் ராஜாஜி கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்திற்கே சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்கப்படவில்லை. ஆயினும் அதே அரசு 1973இல் கள்ளுக்கடைகளையும் 1974இல் சாராயக் கடைகளையும் மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மீண்டும் திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த வணிகத்திற்காக உருவாக்கப்பட்டது. 2003இல் ஜெயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் அந்நிறுவனத்தின் கையில் ஒப்படைத்தது. அன்றிலிருந்து மதுவை உரிமம் கொடுத்து விற்கவைக்கும் அரசு, தானே கல்லாவில் அமர்ந்து விற்கும் அரசாயிற்று.

ஆகவே இக்குற்றச்சாட்டை ஒரு கட்சியின் தலையில் மட்டும் ஏற்ற நான் விரும்பவில்லை. திறந்தவர்களும் இருவர், மூடியவர்களும் இருவர். 2016 தேர்தலில் ஒரு கட்சி முழு மதுவிலக்குக்குச் சட்டம் கொண்டுவருவோம் என்றது. மற்றொன்று படிப்படியாக என்றது. வென்ற அ.தி.மு.க. 2016இல் 500 கடைகளையும் 2017இல் மேலும் 500 கடைகளையும் மூடியது. பிறகு அந்தப் படிகள் எங்கோ நின்றுபோயின. 2021இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. 2023 ஜூன் 22 அன்று 500 கடைகளை மூடியது. 5,329 என்றிருந்த எண்ணிக்கை 4,829 ஆயிற்று. வரவேற்றோம். ஆனால் வருவாய்க் கணக்கைப் பாருங்கள்: 2022-23இல் 44,121 கோடி ரூபாய், கடைகள் குறைந்த 2023-24இல் 45,855 கோடி ரூபாய். கடை குறைந்தது, விற்பனை வரவு குறையவில்லை. மூடப்பட்ட கடையின் வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குச் சென்றார் என்பதே இதன் பொருள். பெயர்ப்பலகையைக் குறைப்பதற்கும் குடியைக் குறைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆளும் கட்சிகள் எடுத்துவைக்கும் வாதங்களை நேர்மையாக எடுத்துக்கொண்டு பேசுவோம்.

முதல் வாதம், வருவாய். மக்கள் நலத்திட்டங்களுக்கு இப்பணம் இன்றியமையாதது என்கிறார்கள். நலத்திட்டங்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, தொடக்கத்தில் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தது. எங்கள் தெருவில் அந்தப் பணத்தில் அரிசி வாங்கும் பெண்களை நான் அறிவேன். ஆனால் கணக்கு ஒன்று உண்டு. நாளொன்றுக்கு ஒரு குவார்ட்டர் குடிக்கும் தொழிலாளி, மிகக் குறைந்த விலைச் சரக்கையே வாங்கினாலும், ஏறத்தாழ 140 ரூபாய் கொடுக்கிறார். மாதத்திற்கு 4,200 ரூபாய். கணவரின் சட்டைப்பையிலிருந்து 4,200 ரூபாய் போகிறது. மனைவியின் வங்கிக் கணக்கில் 1,000 ரூபாய் வருகிறது. இந்தக் குடும்பத்திற்கு நன்மை செய்தோம் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

அல்லாஹ் தன் திருமறையின் 2:219ஆம் வசனத்தில் மதுவையும் சூதாட்டத்தையும் பற்றிப் பேசும்போது, அவற்றில் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. பயனை விடப் பாவம் பெரிது என்றே தீர்ப்பளிக்கிறான். சிந்தியுங்கள் சகோதரர்களே! வருவாய் இருக்கிறது என்ற வாதத்திற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை சொல்லப்பட்டுவிட்டது. பயன் இருக்கிறதா என்பதன்று கேள்வி. எது பெரிது என்பதே கேள்வி. மேலே நான் நினைவில் வைக்கச் சொன்ன விற்பனை வரிக்கு இப்போது வாருங்கள். மது வருவாய்க்கு மாற்றாகப் பிறந்தது அந்த வரி. மது திரும்பி வந்தபோது வரி திரும்பிச் செல்லவில்லை. மாற்றையும் வசூலிக்கிறார்கள், எதற்கு மாற்றோ அதையும் வசூலிக்கிறார்கள். ‘மாற்று வருவாய்க்கு வழி எங்கே’ என்று நம்மிடம் கேட்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

இரண்டாம் வாதம், கள்ளச்சாராயம். அரசுக் கடைகளை மூடினால் மக்கள் விஷச்சாராயம் குடித்துச் சாவார்கள் என்பது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது அரசுக் கடைகள் திறந்தே இருந்தன. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இறந்தபோதும் அரசுக் கடைகள் திறந்தே இருந்தன. திறந்த கடை அவர்களைக் காக்கவில்லை. அதன் பின்னர்ச் சட்டப்பேரவையில் தண்டனையைக் கடுமையாக்கும் திருத்தம் வந்தது. கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்றாயிற்று. நல்லதே. ஆனால் அந்த விவாதத்திலேயே மூத்த அமைச்சர் ஒருவர், உழைப்பாளிகள் அசதி தீரக் குடிக்கிறார்கள், அரசு விற்பதில் போதை போதாமல் வேறிடம் தேடுகிறார்கள் என்ற பொருள்படப் பேசினார். உழைத்துக் களைத்த உடலுக்கு ஓர் அரசு தரவேண்டியது நல்ல கூலியும் ஓய்வும் மருத்துவமும் அல்லவா? அசதிக்கு மருந்தாக மதுவைக் கருதும் மனம் ஆட்சியில் இருக்கும்வரை சட்டத் திருத்தம் என்ன செய்யும்?

எனினும் நாமும் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2016 ஏப்ரல் முதல் பீகாரில் முழு மதுவிலக்கு இருக்கிறது. அங்கும் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயத்தால் பலர் இறந்தார்கள். சட்டப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் குடி ஒழிந்துவிடும் என்று நான் வாதிட்டால் அது அறியாமை. நம் மார்க்கமும் அவ்வாறு செய்யவில்லை. முதலில் பயனையும் பாவத்தையும் எடைபோட்டுக் காட்டியது. பின்னர் போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்று 4:43இல் எல்லை கட்டியது. இறுதியில் 5:90, 91 வசனங்களில் முற்றாகத் தடுத்தது. அந்த இறுதி அறிவிப்பு மதீனாவின் தெருவில் ஒலித்தபோது அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் பரிமாறிக்கொண்டிருந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். இருந்ததையெல்லாம் வெளியே கொட்டச் சொன்னார்கள். மது மதீனாவின் தெருக்களில் ஓடியது என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. உள்ளங்கள் தயாரான பின்னர்ச் சட்டம் வந்தது. ஆகவே காவலர் இன்றியே சட்டம் நிறைவேறியது.

‘படிப்படியாக’ என்ற சொல் ஆகவே நமக்கு அந்நியமானதன்று. ஆனால் அங்கே ஒவ்வொரு படியும் முந்தைய படியை விட மேலே இருந்தது. இங்கே ஒரு படி ஏறி, ஆறு ஆண்டு அங்கேயே அமர்ந்து, மீண்டும் ஒரு படி ஏறுவதையே படிப்படியாக என்கிறார்கள்.

மூன்றாம் வாதம், மக்கள் கருத்து. மதுவிலக்கு நல்ல கொள்கைதான், ஆனால் அதற்கான சூழல் இன்னும் கனியவில்லை, அண்டை மாநிலங்களெல்லாம் திறந்திருக்கும்போது நாம் மட்டும் எப்படி என்கிறார்கள். அப்படியானால் மக்கள் கருத்து என்பது எது? கடை வாசலில் வரிசையில் நிற்பவரின் கருத்து மட்டுமா? கடையை அகற்றக் கோரி ஊர் ஊராகச் சாலையில் அமர்ந்த பெண்களின் கருத்து கணக்கில் வராதா? 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்ட காந்தியவாதி சசிபெருமாள் மக்களில் ஒருவர் இல்லையா? ஆளும் கட்சிகள் மக்கள் கருத்தை அஞ்சுகின்றன என்பது உண்மை. ஆனால் தங்கள் காதுவரை வந்து சேரும் கருத்தையே அஞ்சுகின்றன. நம் கருத்து அங்கே சென்று சேர்ந்திருக்கிறதா?

இங்கேதான் நம்மை நோக்கி விரல் திரும்புகிறது.

2011 கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் நாம் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர். பல தொகுதிகளில் வெற்றியையும் தோல்வியையும் பிரிக்கும் வாக்கு நம்முடையது. தேர்தல் நெருங்கும்போது நம் ஜமாஅத்துகள் கொடுக்கும் மனுக்களைப் பார்த்திருக்கிறேன். இட ஒதுக்கீட்டை உயர்த்துங்கள். வக்ஃபுச் சொத்தை மீட்டுத் தாருங்கள். கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் வேண்டும். உலமாக்களுக்கு ஓய்வூதியம் வேண்டும். அனைத்தும் நியாயமானவை. நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனால் அந்த மனுக்களில் ஒன்றிலேனும் ‘எங்கள் மஹல்லாவின் எல்லையில் உள்ள மதுக்கடையை அகற்றுங்கள்’ என்ற வரியைக் கண்டதாக எனக்கு நினைவில்லை. கபரஸ்தானுக்குச் சுவர் கேட்கிறோம்; கபரஸ்தானுக்கு நம் இளைஞர்களை நேரத்திற்கு முன்பே அனுப்பும் கடையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

காரணம் அச்சம். ‘இவர்களைச் சங்கடப்படுத்தினால் அவர்கள் வந்துவிடுவார்கள்’ என்ற அச்சம். அந்த அச்சம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். நாட்டின் நிலையை நானும் பார்க்கிறேன். ஆனால் அச்சத்தால் அளிக்கப்படும் வாக்குக்கு, பெறுகிறவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. எப்படியும் வரும் என்று தெரிந்த வாக்குக்காக எந்தக் கட்சியும் ஒரு கடையைக்கூட மூடாது. கூட்டணியில் இருந்துகொண்டே கேட்க முடியாது என்பாருக்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. 2024 அக்டோபர் 2 அன்று, அன்றைய ஆளும் கூட்டணியின் அங்கமாக இருந்த விடுதலைச் சிறுத்தைகள் கட்சி, உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்புக்காகவே மகளிர் மாநாடு நடத்தியது. ஆளும் கட்சியின் பிரதிநிதிகளும் அம்மேடைக்கு வந்தார்கள். கூட்டணி உடைந்துவிடவில்லை. கேட்பது பகைமையன்று, கேட்காமலிருப்பது நட்புமன்று.

‘நம் மார்க்கச் சட்டத்தைப் பிறர்மீது திணிக்கலாமா?’ என்று படித்த இளைஞர் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. திணிக்கக் கூடாது. ஆனால் நாம் கேட்பது இந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவில் உள்ளதே. உடல்நலத்திற்குக் கேடான போதைப் பொருள்களின் நுகர்வைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று அது வழிகாட்டுகிறது. பக்கத்துத் தெரு முருகனின் மனைவிக்கும் நம் தெரு மரியத்திற்கும் இதில் ஒரே கண்ணீர்தான். பிற சமுதாய மக்களோடு தோளோடு தோள் நின்று நாம் பேசக்கூடிய பொருள் இதைப்போல் வேறொன்று இல்லை.

பிறரிடம் கேட்கும் முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். மதுவோடு தொடர்புடைய பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ள ஹதீஸை நாம் பயானில் எடுத்துச் சொல்கிறோம். குடிப்பவர் மட்டுமல்ல, பிழிபவர், சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் என அப்பட்டியல் நீள்கிறது. தன் கட்டடத்தை மதுக்கடைக்கோ அதையொட்டிய பாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டு, முதல் ஸஃப்பில் நிற்கும் சகோதரர்கள் நம்மிடையே இல்லையா? அவர்களின் நன்கொடையை மஸ்ஜித் விரிவாக்கத்திற்குப் பெற்றுக்கொண்டு பெயரைக் கல்வெட்டில் பொறிக்கும் நிர்வாகிகள் இல்லையா? அரசு அதன் விலையை உண்கிறது என்று சுட்டும் விரலில் அதே சோற்றின் பருக்கை ஒட்டியிருக்கக் கூடாது.

ஆகவே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. நம் ஊர்களில் அதற்கு ஆண்களே பாதி செல்வதில்லை. பெண்கள் அறவே செல்வதில்லை. செல்லுங்கள். கடையை அகற்றக் கோரும் தீர்மானத்தை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். நகரத்தில் உள்ளோர் மஸ்ஜித், மதரஸா, பள்ளிக்கூட வாசலிலிருந்து கடைவரை உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும் பிற பகுதிகளில் 100 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது விதி. மீறியிருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள்.

தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வரும் எவரிடமும், எக்கட்சியாயினும், மூன்று கேள்விகளை எழுத்தில் நீட்டுங்கள். இத்தொகுதியில் ஆண்டுக்கு எத்தனை கடைகளை மூடுவீர்கள்? மூடிய கடையின் வணிகம் அடுத்த கடைக்குப் போகாதிருக்க விற்பனை நேரத்தையும் பார்களையும் எவ்வளவு குறைப்பீர்கள்? எங்கள் அரசு மருத்துவமனையில் குடியிலிருந்து மீள்வோருக்குப் படுக்கையும் மருத்துவரும் எப்போது வரும்? பதிலையும் எழுத்தில் வாங்கி மஸ்ஜித் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

குடிக்கும் சகோதரனை ஊர்விலக்கு என்று மிரட்டாதீர்கள். அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஜமாஅத்தில் இருவரைப் பொறுப்பாக்குங்கள். நோயாளியை விரட்டிவிட்டு நோயை ஒழித்தோம் என்று சொல்ல முடியாது.

அந்தத் தாய் இப்போதும் பாட்டிலோடு வருகிறார். நான் ஓதிக் கொடுக்கிறேன். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் ஓதிய தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, கடையைத் திறப்பவர்கள் முன்னால் நான் ஊமையாக நின்றால், நாளை மறுமையில் அந்தப் பிள்ளைகள் இருவரும் என் சட்டையைப் பிடித்துக் கேட்கும்போது நான் என்ன சொல்வேன்? நீங்கள் என்ன சொல்வீர்கள்?

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை இத்தீமையிலிருந்து காப்பாயாக! உண்மையை உரியவரின் முகத்துக்கு நேரே, பண்போடும் அச்சமின்றியும் சொல்லும் நாவை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.